தப்பும் குரலும் ஒரே பதிவில்: மலையகக் கூத்துகளுக்கு எந்த மைக், எந்த ரெக்கோடர்?

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டத்து இளைஞர் மன்றங்களும் கோயில் கமிட்டிகளும் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. விடிய விடிய ஆடும் நம் கூத்துகளை, காமன் கூத்தையோ பொன்னர் சங்கரையோ அர்ச்சுனன் தபசையோ, ஒழுங்காக ஒலிப்பதிவு செய்ய என்ன வாங்கலாம்? இதுவரை கையில் இருந்தது போன். போனில் எடுத்ததைப் பிறகு போட்டுக் கேட்டால் தப்பு என்ற பறையின் சத்தம் நசுங்கிக் கிடக்கிறது, பாட்டு எங்கோ தூரத்தில் கேட்கிறது, இடையிடையே காற்று வந்து எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. அதனால் ரெக்கோடர் வாங்கப் பணம் சேர்க்கிறார்கள். நல்ல காரியம். மலையக மக்கள் இங்கே வந்து 200 ஆண்டு ஆனதை 2023இல் நினைவுகூர்ந்தோம். அந்த நெடுங்காலத்தின் பாட்டும் அடவும் பெரும்பாலும் வாய்வழியாகவே கைமாறி வந்தவை. முழு இரவுக் கூத்தையும் மனப்பாடமாக வைத்துப் பாடிப் பழக்கும் மாஸ்டர்மார் இப்போது முதியவர்கள். அவர்கள் பாடுவதைப் பதிவு செய்யும்போது சொல் சொல்லாகக் கேட்க வேண்டும்.

மைக் பற்றிச் சொல்லும் காணொளிகள் பெரும்பாலும் மண்டபத்துக்குள் நடக்கும் கச்சேரியை மனதில் வைத்தவை. நம்முடைய களம் வேறு. லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, பக்கத்துப் பொட்டலில் கூரையும் இல்லை, சுவரும் இல்லை. ஆட்டக்காரர் சுற்றிச் சுற்றி ஆடுவார், நாலு பக்கமும் சனம் நிற்கும். தப்பு பத்தடி தள்ளி நின்றாலும் நெஞ்சில் அடிக்கும். அதே இடத்தில் மாஸ்டர் தளர்ந்த தொண்டையோடு விடிய விடியப் பாடுவார். இந்த இரண்டு சத்தத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான் நம் பதிவுகளின் முழுப் பிரச்சினை. எதை வாங்குவது என்பதை இதை வைத்து முடிவு செய்யுங்கள். பெட்டியில் அச்சடித்திருக்கும் எண்கள் அதற்குப் பிறகுதான்.

தப்பைக் காய்ச்சும்போது பக்கத்தில் நின்று கேட்டுப் பாருங்கள். பனியில் தொய்ந்து மொத்தையாக ஒலித்த தோல், நெருப்பின் சூடு ஏற ஏற இறுகி, கணீரென்று வெடிக்கத் தொடங்கும். காய்ச்சுவதற்கு முன் ரெக்கோடரில் பார்த்துவைத்த ஒலி அளவு (லெவல்) காய்ச்சிய பிறகு செல்லாது. நடுச்சாமத்தில் மறுபடி காய்ச்சிக்கொண்டு வந்தால் சத்தம் மறுபடி ஏறும். ஆகவே காய்ச்சிய தப்பின் மிகப் பெரிய அடியும் மீட்டரில் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி அளவை இறக்கி வையுங்கள். 24 பிட்டில் பதிவு செய்தால் இப்படி இறக்கி வைப்பதால் நடைமுறையில் ஒன்றும் குறையாது, பிறகு கணினியில் ஏற்றிக்கொள்ளலாம். 16 பிட்டிலும் எம்பி3யிலும் அந்த இடம் குறைவு. அளவைத் தானாகவே ஏற்றி இறக்கும் ஓட்டோ லெவலைக் கட்டாயம் அணைத்துவிடுங்கள். அது ஓடினால் ஒவ்வொரு அடிக்கும் பாட்டு அமுங்கும், அடி ஓய்ந்த இடத்தில் சனத்தின் பேச்சு மேலே வரும்.

ரெக்கோடரின் சொந்த மைக் போதுமா?

ஒரே ஆள், ஒரே பை, குறைந்த பணம் என்றால் போதும். ஆனால் எந்த வகை மைக் அதில் இருக்கிறது என்று பார்த்து வாங்க வேண்டும்.

ஸூம் எச்1என், டாஸ்காம் டிஆர்-05எக்ஸ் இரண்டும் சட்டைப்பையில் அடங்கும் சிறிய ரெக்கோடர்கள். எச்1என்னில் இரண்டு ஒருதிசை மைக்குகள் 90 பாகையில் ஒன்றை ஒன்று குறுக்கிட்டு நிற்கின்றன. முன்னால் இருப்பது தெளிவாக விழும். முதுகுப் பக்கம் உறுமும் ஜெனரேட்டரும் கச்சான் விற்பவரின் குரலும் ஓரளவு அமுங்கும். டிஆர்-05எக்ஸில் இருப்பவை எல்லாத் திசையிலும் கேட்கும் மைக்குகள். பின்னால் பேசுபவரையும் அவை விடாது. கேட்டவுடன் எச்1என்தான் பொருத்தம் என்று தோன்றும். நான் பொட்டலுக்கு டிஆர்-05எக்ஸைத்தான் சொல்வேன். காரணம் காற்று. ஒருதிசை மைக் காற்றுக்கு மிகவும் கூசும், மெல்லிய காற்றுக்கே உறுமும். எல்லாத்திசை மைக் அதே காற்றை எவ்வளவோ தாங்கும். அது மட்டுமல்ல, தூரத்தில் இருந்து எடுக்கும்போது ஒருதிசை மைக்கில் தாழ்ந்த ஒலி மெலிந்துபோகும். தவிலின் தொப்பிப் பக்கம், உறுமியின் அந்த இழுபட்ட முனகல் எல்லாம் எல்லாத்திசை மைக்கில்தான் உடம்போடு இறங்குகின்றன.

கோயில் மண்டபத்துக்குள் கதை தலைகீழ். சீமெந்துச் சுவரும் தகரக் கூரையும் சேர்ந்த சின்ன மண்டபத்தில் பஜனை எடுக்கப் போனால் எதிரொலி நாலாபக்கமும் இருந்து வரும். அங்கே ஒருதிசை மைக் வேண்டும். எல்லாத்திசை மைக்கை விட ஏறக்குறைய 1.7 மடங்கு தள்ளி நின்றும் அதே அளவு தெளிவை அதனால் எடுக்க முடியும். ஆகவே உள்ளே எச்1என், வெளியே டிஆர்-05எக்ஸ் என்பது என் தெரிவு. இரண்டு இடத்துக்கும் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், எது உங்கள் தோட்டத்தில் அதிகம் நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

சத்தத்தைத் தாங்கும் எல்லையும் உண்டு. எச்1என்னின் மைக் 120 டெசிபல் வரை, டிஆர்-05எக்ஸினுடையது 125 வரை. அதற்கு மேல் போனால் அளவை எவ்வளவு இறக்கினாலும் ஒலி கிழியும், ஏனென்றால் கிழிவது மைக்கிலேயே. தப்புக்காரர் அணிக்கு முன்னால் கையெட்டும் தூரத்தில் இந்தச் சிறிய ரெக்கோடர்களை வைக்க வேண்டாம். ஸூம் எச்4என் ப்ரோ, எச்5 இரண்டின் சொந்த மைக்குகளும் 140 டெசிபல் வரை தாங்குபவை. தேர்த் திருவிழாவில் நாதஸ்வரம், தவில் கோஷ்டியோடு கூடவே நடந்து பதிவு செய்ய நினைப்பவர்கள் இந்த வகைக்குப் போவது நல்லது.

32 பிட் ஃப்ளோட் என்ற பதிவு முறை பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். 2022இல் வந்த ஸூம் எஃப்3, 2024இல் வந்த எச்1எசென்ஷியல் போன்றவற்றில் அளவு வைக்கும் வேலையே இல்லை. அதிகமாகப் போனதைப் பிறகு இறக்கலாம், மெலிந்ததை ஏற்றலாம். மேலே சொன்ன தப்புக் காய்ச்சும் சிக்கலுக்கு இது உண்மையிலேயே நல்ல மருந்து. கூத்தாடிக்கொண்டே பதிவும் செய்ய வேண்டிய ஒருவருக்கு நான் இதைத்தான் சிபாரிசு செய்வேன். ஆனால் இது ரெக்கோடருக்குள் நடக்கும் வசதி. மைக் தாங்காத சத்தத்தை எந்தப் பிட்டும் மீட்டுத் தராது. தப்புக்கும் பாட்டுக்கும் உள்ள ஏற்றத்தாழ்வும் அப்படியேதான் இருக்கும். எஃப்3இல் சொந்த மைக்கே இல்லை என்பதையும் வாங்கும் முன் தெரிந்துகொள்ளுங்கள்.

வெளியில் இருந்து மைக் மாட்டுவது

வெளி மைக்குகளை மின்சாரத்தை வைத்துப் பிரிக்கலாம். சின்ன 3.5 மில்லிமீற்றர் துளையில் மாட்டும் எல்லாத்திசை மைக் சோடிகள் ஒரு வகை. ரெக்கோடர் தரும் சில வோல்ட்டே அவற்றுக்குப் போதும். பிரைமோ இஎம்272 என்ற குறுமைக்கை வைத்துச் செய்தவை இதில் பெயர் பெற்றவை. அவற்றின் சொந்த இரைச்சல் 14 டெசிபல்தான், அதாவது மிகவும் அமைதியானவை. லயத்துக்குள் ஒரு பாட்டி பாடும் தாலாட்டு, ஒப்பாரி, கொழுந்து எடுக்கும்போது பாடிய பாட்டுகள் என்று மெல்லிய குரல்களைப் பதிவு செய்ய இதைவிடக் குறைந்த பணத்தில் நல்லது கிடையாது. ஆனால் தப்புக்கு முன்னால் கொண்டுபோய் வைக்காதீர்கள். அமைதியைக் கேட்கச் செய்த மைக் அந்த அடியைத் தாங்காது. தனிப் பற்றரிப் பெட்டி ஒன்றை இடையில் போட்டுக் கூடுதல் வோல்ட் கொடுத்தால் தாங்கும் அளவு கொஞ்சம் உயரும், அவ்வளவுதான்.

அடுத்தது ரெக்கோடர் மைக் வயர் வழியாகவே அனுப்பும் 48 வோல்ட் ஃபான்டம் மின்சாரத்தில் ஓடும் பென்சில் மைக் சோடி, ரோட் என்டி5 போன்றவை. எக்ஸ்எல்ஆர் என்ற பெரிய மூன்று ஊசித் துளையுள்ள ரெக்கோடர் வேண்டும். 17 சென்ரிமீற்றர் இடைவெளியில், 110 பாகை விரித்து, ஒரே குறுக்குச் சட்டத்தில் இரண்டையும் பொருத்தினால் யார் இடப்பக்கம் நிற்கிறார், யார் வலப்பக்கம் நகர்கிறார் என்பது கண்ணை மூடினாலும் தெரியும். மண்டபத்துக்குள் நடக்கும் பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கும் வாய்ப்பாட்டுக் கச்சேரிக்கும் இது அருமை. வெளியில், பனியில், விடியும்வரை என்றால் நான் தயங்குவேன். இந்த வகை மைக்குக்குள் ஈரம் இறங்கினால் எண்ணெயில் கடுகு பொரிவதுபோல் படபடவென்று சத்தம் போடும். நுவரெலியா, தலவாக்கலைப் பக்கத்தில் நடுச்சாமத்துக்குப் பிறகு அந்த ஈரம் வராமல் இருக்காது. ஃபான்டம் மின்சாரம் ரெக்கோடரின் பற்றரியையும் வேகமாகத் தின்னும்.

பாடுபவருக்கு ஷுவர் எஸ்எம்58 போன்ற சாதாரண டைனமிக் மைக்கைக் கொடுங்கள். ஒலிப்பதிவு ஆர்வலர்கள் மேடை மைக் என்று ஒதுக்கிவைக்கும் அதே மைக்தான். மின்சாரம் வேண்டாம், பனிக்கு அசையாது, கீழே விழுந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. வாய்க்கு நாலைந்து அங்குலத்தில் வைத்தால் மாஸ்டரின் மூச்சுக்கூடக் கேட்கும். தப்புக்காரர் மைக்கின் முதுகுப் பக்கம் நிற்கும்படி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தூரம் பாதியாகக் குறையும் ஒவ்வொரு தடவையும் குரல் 6 டெசிபல் கூடுகிறது. எட்டு மீற்றர் தள்ளி ஓரத்தில் இருந்த மைக்கை இரண்டு மீற்றருக்குக் கொண்டுவந்தால் 12 டெசிபல் லாபம். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மைக்கும் தூரத்தில் நின்றுகொண்டு இந்த லாபத்தைத் தராது.

வீடியோக்காரர் கமராவில் மாட்டும் ஷொட்கன் மைக் கூத்துக்கு ஆகாது. நேர் முன்னால் உள்ள ஒருவர் பேசுவதற்குச் செய்தது அது, பக்கவாட்டில் இருந்து வரும் இசையின் நிறத்தை மாற்றிவிடும். உடுப்பில் குத்தும் வயர்லெஸ் மைக்கும் அப்படித்தான். காமன் கூத்தில் மன்மதனுக்கும் ரதிக்கும் கட்டிய கடதாசி அலங்காரத்தின் சரசரப்பும் சலங்கையும்தான் அதில் முதலில் விழும்.

மிக்ஸரில் இருந்து வயர் எடுப்பது

ஸ்பீக்கர், மிக்ஸர் எல்லாம் வைத்துச் சவுண்ட்ஸ் கட்டியிருந்தால் அந்தச் சவுண்ட்ஸ்காரரிடமே ஒரு வயர் கேட்டு ரெக்கோடரில் மாட்டிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். குரல் பளிச்சென்று கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் மிக்ஸருக்குள் போவது மைக் வைத்த சத்தம் மட்டும்தான். தப்புக்கு யாரும் மைக் வைப்பதில்லை; அதற்குத் தேவையும் இல்லை. ஆகவே அந்தப் பதிவில் பாட்டு இருக்கும், கூத்து இருக்காது. சனத்தின் ஆரவாரம், குலவை, சாமி வந்து ஆடுபவரின் குரல் ஒன்றும் இருக்காது.

என் முடிவான தெரிவு இரண்டையும் சேர்ப்பது. டாஸ்காம் டிஆர்-40எக்ஸ், ஸூம் எச்5, எச்4என் ப்ரோ ஆகிய மூன்றும் சொந்த மைக் இரண்டையும் வெளித் துளை இரண்டையும் தனித்தனியாக, நாலு தடத்தில் பதிவு செய்யும். சொந்த மைக் பொட்டலை எடுக்கட்டும். வெளித் துளை ஒன்றில் மிக்ஸர் வயரோ மாஸ்டரின் டைனமிக் மைக்கோ போகட்டும். வீட்டுக்கு வந்து குரலைத் தேவையான அளவு ஏற்றிக்கொள்ளலாம். தப்புக்கும் குரலுக்கும் உள்ள சண்டையைத் தீர்க்க எனக்குத் தெரிந்த ஒரே நேர்மையான வழி இதுதான். மூன்றில் நான் டிஆர்-40எக்ஸைத் தெரிவு செய்வேன். அதன் பக்கவாட்டில் லைன் (மிக்ஸர் போன்றவற்றில் இருந்து வரும் பலமான ஒலிக்கு), மைக், மைக்கோடு ஃபான்டம் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. இருட்டில் விரலால் தடவியே தெரிந்துகொள்ளலாம். சொந்த மைக்குகளைக் குறுக்காகவும் விரித்தும் திருப்பலாம். இரண்டு தடம் போதும் என்ற நாளில், அதே ஒலியைக் குறைந்த அளவில் இன்னொரு பிரதியாகவும் எடுத்துவைக்கும் வசதி அதில் உண்டு. எச்5இன் மைக் கூடுதல் சத்தத்தைத் தாங்கும் என்பதால், தேர் ஊர்வலமே முக்கியம் என்பவர்களுக்கு அது.

மிக்ஸரோடு இணைக்கும்போது சில விடயங்கள் கவனம். மிக்ஸரில் இருந்து வருவது லைன் அளவு. மைக் துளையாக வைத்து மாட்டினால் கிழியும். ஃபான்டத்தை அணைத்துவிட்டு மாட்டுங்கள், 48 வோல்ட் மிக்ஸரின் வெளியீட்டுக்குள் போவது நல்லதல்ல. ரெக்கோடரைப் பற்றரியில் ஓட்டினால் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் பெரும்பாலும் வராது. அப்படியும் வந்தால் இடையில் ஒரு தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபோமர் போட வேண்டும். சவுண்ட்ஸ்காரரோடு மாலையிலேயே பேசி வயரைக் கொடுத்துவிடுங்கள். கூத்துத் தொடங்கிய பிறகு அவருக்கு உங்களைப் பார்க்க நேரம் இருக்காது.

கலக்கும்போது ஒரு சின்ன வேலை உண்டு. ஒலி ஒரு மீற்றர் கடக்க ஏறக்குறைய 3 மில்லிசெக்கன் எடுக்கும். ஸ்பீக்கர் பொக்ஸில் இருந்து 20 மீற்றர் தள்ளி உங்கள் ரெக்கோடர் நின்றால், மிக்ஸர் வயரில் வந்த குரல் 60 மில்லிசெக்கன் முந்தி நிற்கும். இரண்டையும் அப்படியே சேர்த்தால் குரல் இரட்டையாகக் கேட்கும். வயர்த் தடத்தை அந்த அளவு பின்னால் தள்ளினால் சரியாகிவிடும். ஆட்டம் தொடங்கும் முன் பாடுபவரின் மைக்குக்கு முன்னால் பலமாக ஒரு கைதட்டல் போட்டுவைத்தால் எவ்வளவு தள்ள வேண்டும் என்று கண்ணால் பார்த்தே பிடிக்கலாம்.

காற்று, பனி, ஸ்டாண்ட்

வாங்கும் வரிசையில் இவற்றை நான் ரெக்கோடருக்கும் முன்னால் வைக்கிறேன். பெட்டியோடு வரும் ஸ்பொன்ச் உறை வாய்க்காற்றுக்குத்தான் உதவும், மலைக்காற்றுக்கு உதவாது. ஆனி, ஆடியில் ஹப்புத்தளை, பண்டாரவளைப் பக்கம் வீசும் காற்றில் ஸ்பொன்ச் இருப்பதும் இல்லாததும் ஒன்று. நீளமான மயிர் வைத்த உறை வேண்டும், அதுவும் உங்கள் ரெக்கோடருக்கென்றே அளவாகச் செய்தது. மயிர் உறைக்கும் மைக்குக்கும் நடுவே கொஞ்சம் காற்றிடம் இருந்தால்தான் அது வேலை செய்யும். மைக்கோடு ஒட்டிப் போர்த்தினால் பாதிப் பயன்தான். இரண்டாக வாங்குங்கள். பனியில் நனைந்து மயிர் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் காற்றைத் தடுக்காது, அந்த நேரத்தில் உதறிவிட்டுக் காய்ந்ததை மாட்ட வேண்டியிருக்கும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் வசதியைக் காற்றுள்ள இரவில் போட்டுக்கொள்ளலாம். ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) பக்கத்தில் இருக்கும் லயங்களில் அது இன்னொரு விதத்திலும் உதவும். இரவு முழுக்கக் கொழுந்து வாட்டும் காற்றாடிகளின் முனகல் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும்; அதில் ஒரு பகுதியாவது குறையும். ஆனால் தவில் கச்சேரிக்கு அதைப் போடாதீர்கள்.

தூறல் வந்தால் குடை பிடிப்போம். குடைத்துணியில் விழும் சொட்டு ஒவ்வொன்றும் மைக்குக்கு ஒரு அடி. குடைமேல் பழைய துவாய் ஒன்றை விரித்துக் கட்டினால் அந்தச் சத்தம் அடங்கிவிடும்.

ஸ்டாண்ட் எட்டடி உயரம் போக வேண்டும். படப்பிடிப்புக்காரர் லைட் மாட்டும் ஸ்டாண்டே போதும், தலையில் சரியான திருகு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். தலைகளுக்கு மேலே ஏற்றிக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சரித்தால் பக்கத்தில் நிற்பவர்களின் பேச்சு குறைந்து ஆட்டம் மேலே வரும். காலில் கல் நிரப்பிய சாக்கைப் போடுங்கள். சின்னப் பிள்ளைகள் ஓடித் திரியும் இடம் அது. பலகை மேடையில் ஸ்டாண்டை வைத்தால் ஆட்டக்காரர் மிதிக்கும் ஒவ்வொரு மிதியும் கம்பி வழியாக ஏறும். மண்ணில் வையுங்கள், முடியாவிட்டால் றப்பர் தொங்கல் வைத்த பிடி வாங்குங்கள். இடத்தைப் பொறுத்தவரை ஆடுபவரைத் துரத்த வேண்டாம். மாஸ்டரும் பின்பாட்டுக்காரரும் எங்கே நிற்கிறார்களோ அந்த ஓரத்தைப் பிடியுங்கள். தப்பு அணி எதிர்ப்பக்கம் இருக்கட்டும். காதை மூடும் ஹெட்ஃபோன் இல்லாமல் இடத்தைத் தெரிவு செய்ய முடியாது.

கைப்பணம் குறைவு என்றால் டிஆர்-05எக்ஸ், மயிர் உறை, ஸ்டாண்ட், ஹெட்ஃபோன் என்று நிறுத்திக்கொண்டு அடுத்த மாசிக் கூத்துக்கு ஒரு டைனமிக் மைக்கும் நாலு தட ரெக்கோடரும் சேர்க்கலாம். மைக் சோடிக்குப் பெரிய தொகை கொடுத்துவிட்டு ஸ்டாண்டுக்குக் காசு இல்லாமல் கதிரையில் வைப்பதைவிட இது எத்தனையோ மேல்.

பற்றரிக்கு எனெலூப் போன்ற திரும்பச் சார்ஜ் செய்யும் வகையில் இரண்டு செட். பவர் பேங்கை நம்புவதானால் வீட்டில் ஓர் இரவு முழுக்க ஓட்டிப் பாருங்கள். ரெக்கோடர் இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால் பல பவர் பேங்குகள் வேலை முடிந்தது என்று நினைத்துத் தாமாகவே அணைந்துவிடும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் இரண்டு தடம் மணிக்கு ஏறக்குறைய 1 கிகாபைட். நாலு தடம் அதன் இரண்டு மடங்கு. இரவு எட்டில் இருந்து விடிய ஐந்து வரை நாலு தடம் என்றால் 18, 19 கிகாபைட் போகும், 32 கிகாபைட் கார்டில் அடங்கும். குளிரில் இருந்த ரெக்கோடரை அடுப்படிச் சூட்டுக்குள் நேரே கொண்டுபோனால் உள்ளே வியர்க்கும். சிலிக்கா ஜெல் போட்ட பைக்குள் மூடி வைத்து, சூடு சமமான பிறகு திறவுங்கள்.

பதிவைத் தொடங்கியதும் தோட்டத்தின் பெயர், டிவிஷன், திகதி, மாஸ்டர், தப்புக்காரர்கள், ஆடுபவர்கள் பெயர் எல்லாவற்றையும் மைக்கிலேயே சொல்லிவிடுங்கள். கோப்பின் பெயர் மாறலாம், எழுதிய தாள் தொலையலாம், குரலில் இருப்பது பதிவோடு போகும். கூத்துக்காரரின் சம்மதத்தை முன்னரே கேட்டுவிடுங்கள். அடுத்த நாளே கார்டில் இருந்து இரண்டு இடத்தில் பிரதி எடுத்து, முழு இரவுப் பதிவின் ஒரு பிரதியை மாஸ்டர் வீட்டில் கொடுங்கள். அவர் வீட்டில் கணினி இருக்காது. போனில் ஓடும்படி எம்பி3ஆக மாற்றி, காட்சி காட்சியாக வெட்டி, மெமரி கார்ட் ஒன்றில் போட்டுக் கொடுத்தால் பழகும் பிள்ளைகள் அதைக் கேட்டே பாடம் பிடிப்பார்கள்.